குழந்தையின் உடலும் வீட்டாரின் பேச்சும்

ஒன்றரை வயதைக் கடந்த குழந்தை, உள்ளங்கை அகலமே உள்ள பொம்மைக் காருக்குள் தன் காலை நுழைக்க முயல்வதையும், நுழையாதபோது குழம்பி நிற்பதையும் பல பெற்றோர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அது வேடிக்கைக்காகச் செய்வதன்று. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய சகாக்களும் 18 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளைப் பெரிய சறுக்குமரம், நாற்காலி, கார் ஆகியவற்றோடு முதலில் விளையாட விட்டார்கள். பின்னர் அவற்றை அகற்றிவிட்டு, அதே வடிவில் மிகச் சிறிய பொம்மைகளை வைத்தார்கள். பல குழந்தைகள் அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரவும், குட்டிச் சறுக்குமரத்தில் வழுக்கி இறங்கவும் மெய்யாகவே முயன்றார்கள் என்று 2004ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு தெரிவித்தது. நாற்காலி எதற்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தன் உடல் எவ்வளவு பெரியது என்கிற கணக்குத்தான் கைகூடவில்லை.

ஏறக்குறைய அதே வயதில்தான் குழந்தை கண்ணாடியில் தெரிவது தானே என்பதை உணர்கிறது. 1972ஆம் ஆண்டு பியூலா ஆம்ஸ்டர்டாம் என்னும் ஆய்வாளர் குழந்தைகளின் மூக்கருகே சிவப்புச் சாயத்தை இட்டுக் கண்ணாடி முன் விட்டுப் பார்த்தார். 20 முதல் 24 மாதத்தை எட்டிய குழந்தைகளில் பெரும்பாலோர், கண்ணாடியைத் தொடாமல் தங்கள் முகத்தையே தொட்டுப் பார்த்தார்கள். (கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு வளரும் நம் குழந்தைகளிடம் இந்தச் சோதனையைச் செய்வது சற்றுக் கடினம், பொட்டு அவர்களுக்குப் புதுமையே இல்லை.) 'இது நான்' என்று அறியும் இந்தக் கட்டத்தில், 'இது அழகா, அசிங்கமா' என்கிற கேள்வி குழந்தையிடம் இல்லை.

அந்தத் தீர்ப்பு பெரியவர்களின் முகத்திலிருந்து வருகிறது. 1985ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் தவழ விடப்பட்டார்கள்; அதன் ஒரு பகுதியில், கீழே பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். எதிர்ப்புறம் நின்ற தாய் புன்னகைத்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்தார்கள். தாய் அஞ்சிய முகம் காட்டியபோது, 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. எது ஆபத்து, எது நல்லது என்று தெரியாத இடத்தில் குழந்தை அம்மாவின் முகத்தைப் படிக்கிறது. ஆகவே, ஒரு தாய் கண்ணாடி முன் நின்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடியபடி "ஐயோ, தொப்பை" என்று சலித்துக்கொள்ளும்போது, அருகில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தொப்பை என்றால் என்னவென்று விளங்காவிட்டாலும், உடலில் வருந்தத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்பது விளங்கிவிடக்கூடும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் உண்மை ஒன்று உண்டு. கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.), குழந்தைப் பருவத்தில் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, ஆண் குழந்தைகளின் இடைநிலை மதிப்பு 6 மாதத்தில் 17.3 ஆக இருந்து, 5 வயதில் 15.2 ஆக இறங்கி, 10 வயதில் 16.4 ஆக மீண்டும் ஏறுகிறது. பெண் குழந்தைகளின் வளைவும் ஏறத்தாழ இவ்வாறே செல்கிறது. அதாவது, கன்னத்தில் குழி விழக் கொழுகொழுவென்றிருந்த குழந்தை நான்கைந்து வயதில் விலா தெரிய மெலிவது பெரும்பாலும் நோயின் அறிகுறியன்று. உயரம் வளர்வதும் கொழுப்பு கரைவதும் ஒன்று சேர்ந்த இயல்பான கட்டம் அது. பிரான்சைச் சேர்ந்த ரோலன்-கஷெரா 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இந்த மெலிவுக் கட்டம் முடிந்து குறியெண் மீண்டும் ஏறத் தொடங்குவது ஐந்தரை வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிட்ட குழந்தைகளிடம், பின்னாளில் உடற்பருமன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எனவே, மெலிந்த பிள்ளையை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுவதில் பொருளில்லை.

ஆனால் அந்த ஐந்து வயதில்தான் ஊரிலிருந்து வரும் அத்தை, "எலும்பும் தோலுமா ஆயிட்டானே, சோறு போடுறீங்களா இல்லையா?" என்று கேட்கிறார். அதே அத்தை, பூப்பெய்தும் காலம் நெருங்க உடலில் கொழுப்பு சேர்வது இயல்பாக இருக்கும் பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் குறைக்கணும், இப்பவே இப்படியா?" என்கிறார். உடல் தன் கால அட்டவணைப்படி சரியாகவே நடந்துகொண்டிருக்க, இரண்டு முறையும் அது தவறு என்றே குழந்தை கேட்கிறது. அத்தையின் அன்பில் எனக்கு ஐயமில்லை. பிள்ளைக்குச் சென்று சேர்வது அந்தச் சொல்தான். பிள்ளை உண்மையிலேயே வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது; அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ இருக்கும் வளர்ச்சி அட்டையில், மாதக்கணக்கில் இடப்பட்ட புள்ளிகளே அதைச் சொல்லும்.

பள்ளி வயதில் ஒப்பீடும் சேர்ந்துகொள்கிறது. 2006ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையிலான 162 சிறுமிகளிடம் நடந்த ஆய்வில், பார்பி பொம்மையின் படங்களைப் பார்த்த இளைய சிறுமிகள், பருத்த உடல்வாகு கொண்ட எம்மி பொம்மையைப் பார்த்தவர்களைவிடத் தங்கள் உடலைக் குறைவாக மதித்தார்கள். இன்னும் மெலிய வேண்டும் என்றும் விரும்பினார்கள். 2016ஆம் ஆண்டு மேட்டல் நிறுவனம் வெவ்வேறு உடல்வாகுகளில் பார்பிகளை வெளியிட்டது. நம் நாட்டில் இந்த ஒப்பீடு எடைக்கு முன்பே நிறத்தில் தொடங்கிவிடுகிறது. 1975ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் 2020ஆம் ஆண்டில் நீங்கியது. கருவிலிருக்கும் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று தாய்க்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும் வழக்கமோ நீங்கவில்லை. அதற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை.

பேச்சைப் போலவே சாப்பாட்டு நேரமும் உடலைப் பற்றிய பாடம்தான். வயிறு விரிவதையும், குடலிலிருந்து சுரக்கும் இயக்குநீர்களையும் (ஹார்மோன்களையும்) கொண்டு மூளை 'போதும்' என்று உணர்கிறது. இளம் குழந்தைகளுக்கு இந்தக் குறிப்பைக் கேட்கத் தெரியும். 'அம்மாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்' என்று நாம் ஊட்டும் கடைசி உருண்டைகள், வயிற்றின் சொல்லைவிட வெளியாரின் சொல்லே பெரிது என்று பழக்குகின்றன. 2006ஆம் ஆண்டு, குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச்சின் குழுவினர் மழலையர் பள்ளியில் சூப் கொடுத்துப் பார்த்தபோது, 'முடித்துவிடு' என்று வற்புறுத்தப்படாத குழந்தைகள்தாம் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்தப்பட்டவர்கள் அதைப் பற்றிக் குறை கூறினார்கள். தடையும் இதே போலத்தான். ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்து, எடுக்கவிடாமல் கட்டுப்படுத்தியபோது, குழந்தைகளின் கவனம் முழுவதும் அதன் மேலேயே சென்றதை அவர் 1999ஆம் ஆண்டு காட்டியிருந்தார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம் என்று உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த முறை இந்தக் கண்டறிதல்களோடு பொருந்துகிறது.

'எல்லா உடலும் அழகே' என்று பிள்ளைக்கு நாள்தோறும் ஓதுவதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. அதிலும் பேச்சு அழகைச் சுற்றியே நிற்கிறது. மரமேறிய கால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய கை, காய்ச்சலிலிருந்து தானே மீண்ட உடம்பு என்று உடல் செய்பவற்றைப் பேசுவது, ஒன்றரை வயதில் அந்தக் குழந்தை தன் உடலை அறியத் தொடங்கிய வழிக்கு நெருக்கமானது. அத்தையிடம், பிள்ளை காதில் விழும்படியே, "அவன் வளர்ற வயசு அத்தை, இப்படித்தான் இருப்பான்" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிடலாம். "நான் குண்டாம்மா?" என்று குழந்தையே கேட்டால், உடனே "இல்லவே இல்லை" என்று மறுப்பது, குண்டு என்பது அஞ்ச வேண்டிய ஒன்று என்பதை ஒப்புக்கொள்வதாகிவிடும், யார் சொன்னார்கள், அப்போது என்ன நடந்தது என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2016ஆம் ஆண்டு அறிக்கையில், வீட்டில் எடையைப் பற்றிய பேச்சையும் கேலியையும் தவிர்த்து, குடும்பமாகச் சேர்ந்து உண்பதை ஊக்குவிக்கச் சொல்கிறது. மருத்துவரிடம் எடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், பிள்ளையை வெளியே தாத்தாவோடு சிறிது நேரம் உட்காரவைத்துவிட்டுப் பேசலாம்.