வயிறு ஊதுவதற்குப் பின்னால் உள்ள புரதங்கள்: சூலகப் புற்றுநோய் பற்றி வன்னிப் பெண்களுக்கு

"வயிறு ஊதிக் கிடக்குது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே காணுமெண்டு இருக்குது." வன்னியில் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வரும் நடுத்தர வயதுப் பெண்களின் வழக்கமான முறைப்பாடு இது. வாயு என்றோ இரைப்பை அழற்சி என்றோ குளிசை கொடுக்கப்படும். பலருக்கு அது சரியாகவும் இருக்கும். சிலருக்கு மட்டும் இதுவே சூலகப் புற்றுநோயின் முதல் அறிகுறி. மார்புப் புற்றுநோயைப் போலக் கையில் தட்டுப்படும் கட்டி இந்த நோயில் ஆரம்பத்தில் கிடைக்காது. கட்டி தட்டுப்படும் முன்பே நோய் வயிற்றுக்குள் பரவிவிடுவதில் சில புரதங்களுக்குப் பெரிய பங்குண்டு.

சூலகப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படுவதும் அதிக உயிர்களைப் பறிப்பதும் உயர்தரச் சீரச (high-grade serous) எனப்படும் வேகமாக வளரும் வகை. இதில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் பி53 என்ற புரதம் பழுதடைந்திருக்கும். மரபணு சிதைந்த கலத்தை மேலும் பிரிய விடாமல் நிறுத்துவதும், திருத்த முடியாவிட்டால் அழியச் செய்வதும் பி53இன் வேலை. அது பழுதானால் சிதைந்த கலங்கள் தடையின்றிப் பெருகும். இந்த மாற்றம் பெரும்பாலும் சூலகத்தில் அல்ல, அதை ஒட்டியிருக்கும் பலோப்பியன் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. நுனி வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், சில மில்லிமீற்றர் அளவிலேயே கலங்கள் உதிர்ந்து வெளியே விழக்கூடும்.

உடலில் இடத்தைவிட்டுக் கழன்ற சாதாரண கலம் தானாகவே இறந்துவிடும். சூலகப் புற்றுக் கலங்களோ கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதங்களால் ஒன்றையொன்று பற்றிச் சிறு திரள்களாகி, வயிற்றுத் திரவத்தில் மிதந்தபடியே உயிர் தப்புகின்றன. நாம் மூச்சுவிடும்போது இந்தத் திரவம் வயிற்றின் வலப்பக்கமாக மேலேறிப் பிரிமென்றகடுவரை போய்வரும். கலங்களும் கூடவே போகின்றன. இரத்தக் குழாய்க்குள் புகாமலே வயிறு முழுவதும் பரவ இந்த நோய்க்கு முடிவது இதனால்தான்.

மிதந்துபோகும் திரள் எங்காவது ஒட்ட வேண்டும். அதன் மேற்பரப்பில் மியூசின் 16 என்ற மிக நீண்ட புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். வயிற்றறையின் உட்சவ்வில் மீசோதெலின் என்ற புரதம் இருக்கிறது. வரம்பில் நடக்கும்போது நாயுருவி விதை சேலைக் கரையில் ஒட்டுவது போல, இவை இரண்டும் பட்டவுடன் பற்றிக்கொள்கின்றன. ஒட்டியபின் புற்றுக் கலம் எம்.எம்.பி எனப்படும் வெட்டும் நொதியங்களைச் சுரந்து சவ்வுக்குள் வழி அமைக்கிறது. அதற்கு மிகவும் பிடித்த இடம் குடலின் முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலம். அங்குள்ள கொழுப்புக் கலங்கள் இன்டர்லூக்கின் 6, 8 போன்ற புரதங்களால் புற்றுக் கலங்களை ஈர்க்கின்றன. பிறகு எஃப்.ஏ.பி.பி 4 என்ற புரதத்தின் துணையோடு கொழுப்பு கைமாறிப் புற்றுக்கு எரிபொருளாகிறது. 2011இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. சத்திரசிகிச்சையில் அந்தப் படலத்தையும் சேர்த்து அகற்றுவதன் காரணம் இதுதான்.

வயிற்றில் நீர் கட்டுவதிலும் ஒரு புரதத்துக்குப் பங்குண்டு. வீ.ஈ.ஜீ.எஃப் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கிறது, இருக்கும் குழாய்களையும் கசிய வைக்கிறது. நிணநீர் வழிகளும் அடைபட்டால் வயிறு வேகமாகப் பெருக்கும். ஆனால் வயிற்றில் நீர் என்றால் புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. ஈரல் நோயும் வயிற்றுக் காசநோயும் இதே தோற்றத்தைத் தரும். சூலகப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் இரத்தத்தில் பார்க்கும் சீ.ஏ.125 அளவு கூடக் காசநோயில் நன்றாக உயரும். ஊசியால் எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் கலப் பரிசோதனைக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பவேண்டும். அனுப்பினார்களா என்று குடும்பத்தவர் கேட்பதில் தவறே இல்லை.

அதிகம் குழப்பம் தருவது இந்தச் சீ.ஏ.125 பரிசோதனைதான். மேலே சொன்ன மியூசின் 16இலிருந்து இரத்தத்தில் கலக்கும் பகுதியையே இது அளக்கிறது. வழக்கமான மேல் எல்லை மில்லிலீற்றருக்கு 35 அலகு. மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்றது வெளியே வளரும் நோய்), இடுப்பறைத் தொற்று, ஈரல் நோய் எல்லாவற்றிலும் அது ஏறும். மறுபக்கம், நோய் சூலகத்தோடு நிற்கும் முதற்கட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு அது ஏறுவதே இல்லை. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வில், அறிகுறி இல்லாதவர்களுக்கு இதை ஒழுங்காகச் செய்தும் இறப்பு குறையவில்லை. ஆகவே அறிகுறி எதுவும் இல்லாமல் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்து ஆண்டுதோறும் செய்வது வீண்செலவு. அறிகுறி உள்ளவருக்கு 20 அலகு வந்தால் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய பிழை.

பரிசோதனையை ஸ்கேனோடு சேர்த்தே வாசிக்கவேண்டும். ஸ்கேனில் கட்டிக்குள் பல அறைகள், திண்மப் பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் 1 புள்ளி, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இரண்டையும் சீ.ஏ.125 அளவோடு பெருக்கவேண்டும். மாதவிடாய் நின்ற ஒருவருக்கு இரண்டு அம்சங்களும் 60 அலகும் இருந்தால் 3 × 3 × 60 = 540. 200ஐத் தாண்டினாலே புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பவேண்டிய நிலை. வன்னியிலிருந்து அது பெரும்பாலும் தெல்லிப்பழை அல்லது மகரகம என்பதாகும். பயணத்துக்கு அஞ்சி, சந்தேகமான கட்டியை அருகிலேயே ஊசியால் குத்தி நீரெடுப்பதோ உடைத்து எடுப்பதோ கூடாது. சூலகத்துக்குள் அடங்கியிருந்த கலங்கள் வயிற்றில் சிந்தினால் நோயின் கட்டமே மாறிவிடும். ஏற்கெனவே பரவிய நோயில் ஊசி மூலம் மாதிரி எடுப்பது வேறு விடயம், அது தேவையான ஒன்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கு உரியது. அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது நல்லதென்று வந்தால் சூலகமும் நலமென்று எடுத்துக்கொள்ள முடியாது. வயிறு ஊதல், சீக்கிரம் வயிறு நிரம்புதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், முக்கியமாக 50 வயதுக்குப் பிறகு, ஸ்கேன் செய்யக் கேளுங்கள். நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கும் விளங்கும்.

புரதம் புற்றை வளர்க்கிறது என்று கேள்விப்பட்டு முட்டையையும் மீனையும் விட்டுவிடும் நோயாளிகள் இருக்கிறார்கள். மேலே சொன்ன புரதங்கள் எவையும் சாப்பாட்டிலிருந்து வருவன அல்ல. உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாகச் சமித்துவிடும். வயிற்று நீரோடு புரதமும் வெளியேறுவதால் இவர்களுக்குத் தேவை இன்னும் அதிகம்: 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் குளத்து மீனில் 20 கிராமளவில் இருக்கும். சீக்கிரம் வயிறு நிரம்புகிறவருக்கு அவித்த பயறு, கௌபி, முட்டை என்று நாளைக்கு ஐந்தாறு தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்கவேண்டும். எங்கள் பகுதியில் அந்த நோய் உள்ளவர்கள் குறைவல்ல.

இந்தப் புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. பெவாசிசுமாப் வீ.ஈ.ஜீ.எஃப்ஐத் தடுக்கிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றும், அரிதாகக் குடலில் துளை விழவும் செய்யும், எனவே கண்காணிப்பு வேண்டும். பி.ஆர்.சி.ஏ, பார்ப் இரண்டும் மரபணுச் சிதைவைத் திருத்தும் புரதங்கள். ஒலாபரிப் போன்ற பார்ப் தடுப்பான்கள் பி.ஆர்.சி.ஏ புரதம் பழுதானவர்களுக்கு அதிக பயன் தரும். மரபணுத் திருத்த வழிகளில் ஒன்று ஏற்கெனவே இல்லாத கலத்தில் இன்னொன்றையும் அடைத்தால் அது பிழைக்காது.

பி.ஆர்.சி.ஏ 1 பழுதைப் பரம்பரையாகப் பெற்ற 100 பெண்களில் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரலாம். தந்தை வழியிலும் அது வரும். இடம்பெயர்வில் குறிப்புகளும் உறவுகளும் தொலைந்த குடும்பங்களில் "அம்மம்மா எதால இறந்தவ?" என்ற கேள்விக்கே பதில் கிடைப்பதில்லை. ஆனால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரி அல்லது சித்திக்கு மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருந்தால், அங்கே மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த அறிக்கையின் பிரதியை, எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்ற வரி தெளிவாகத் தெரியும்படி, கைத்தொலைபேசியில் அனுப்பச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடும் பரிசோதனைக்குச் செலவு குறைவு, விடையும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். மாற்றம் இருந்தால், பிள்ளைகள் பெற்று முடித்தபின் குழாய்களையும் சூலகங்களையும் அகற்றுவது பற்றிப் பேசவேண்டிய வயது பி.ஆர்.சி.ஏ 1க்கு 35 முதல் 40, பி.ஆர்.சி.ஏ 2க்கு 40 முதல் 45.