கூண்டு ஏறினால் யாருக்குச் செய்தி?

கடலூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் பேரிடர் முன்னெச்சரிக்கைப் பயிற்சி. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். கருவாடு போடும் அம்மா ஒருவர் குறுக்கிட்டார். "கூண்டெல்லாம் கப்பல்காரங்களுக்கும் போட்டுக்காரங்களுக்கும்மா. எனக்கு நாளைக்கும் மறுநாளும் வெயில் இருக்குமான்னு சொல்லு. மீனுக்கு உப்புப் போட்டு வெச்சிருக்கேன்."

அவர் சொன்னது சரி. கூண்டு கப்பல்களுக்கான சமிக்ஞைதான். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பும் படகில் ஏறுபவருக்கானது. கரையில் கருவாடு உலர்த்துபவருக்கு, கூடை சுமந்து விற்கப் போகிறவருக்கு, அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் சாவு கரையில்தான் அதிகம். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391 பேரும் ஆண்கள் 146 பேரும் இறந்ததாக ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் மறு ஆண்டே பதிவு செய்தது. ஞாயிறு காலை, ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே சுனாமி அலை பெரிதாக எழும்பாது. பெண்கள் படகு திரும்பும் என்று கரையில் நின்றிருந்தார்கள், சிலர் இடுப்பில் பிள்ளையோடு.

அதே நாளில் புதுச்சேரி நல்லவாட்டில் ஊர் தப்பியது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை வீடு வரை கொண்டுபோனது. குழாய் ஸ்பீக்கருக்கு ஆண் பெண் தெரியாது. கைபேசிக்குத் தெரியும், பல வீடுகளில் அது கணவரோடு கடலுக்குப் போய்விடுகிறது.

கருவாட்டு அம்மா அப்படிக் கேட்ட பிறகு, பயிற்சியில் முதலில் நான் கேட்பது இதுதான்: "போன மழையில என்ன போச்சு?" ஆண்கள் வலை, இன்ஜின் என்பார்கள். பெண்கள் கருவாடு, விறகு, ரேஷன் கார்டு, பிள்ளையின் சான்றிதழ், குழுக் கடன் தவணை என்பார்கள். புயல், மழை நேரத்தில் நிவாரண முகாமுக்கு ஏன் வரவில்லை என்றால், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, வயசுப் பொண்ணை எப்படி அழைத்து வருவது என்கிறார்கள். வானிலை அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன, தாழ்ப்பாள் இல்லையே!

எனவே எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க, தெருவுக்கு ஒரு பெண்ணாகச் சுய உதவிக் குழுவிலிருந்து ஆள் சேர்த்தோம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை என்று வானிலை ஆய்வு மையம் வகுத்திருக்கிறது. அதை நாங்கள் குரல் பதிவில் இப்படிச் சொல்கிறோம்: "மதியத்துக்குள்ள காயப்போட்டதை அள்ளிடுங்க, கார்டைப் பாலித்தீன் பையில போடுங்க." எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை அவர்கள்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள்.

ஒருமுறை கணிப்பு பொய்த்தது. கருவாட்டு அம்மா போனில் வறுத்தெடுத்தார். "நீ சொன்னேன்னு அள்ளி வெச்சேன். ஒரு சொட்டு இல்ல. ஒரு நாள் வெயிலு போச்சு." மறுவாரம் அவரே கூப்பிட்டார். "இன்னிக்கு மீன் மலிவா கெடைக்குது. வாங்கலாமா, வேணாமா?"