ஏரிக்குள் காலைப் பிடிப்பது யார்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஞாயிறு மதியம் மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் நீந்தினேன். நெஞ்சருகே தண்ணீர் வெதுவெதுப்பு. காலைத் தொங்கவிட்டதும் யாரோ சில்லென்று பிடித்ததுபோல் இருந்தது. கன்னிமார் என்கிறார் பாட்டி. உண்மையில் என்ன?"

வெயில் மேல்தண்ணீரைச் சூடாக்குகிறது, சூடான தண்ணீர் லேசாகி மேலேயே மிதக்கிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் காற்றும் அலையும் கைகால் உதைப்பும் அதைக் கலக்கிவிட வேண்டாமா? ஏன் கலப்பதில்லை என்பதில்தான் எனக்கு ஆசை.

4 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி உச்சம் என்று படித்திருப்போம். பனி பார்க்காத நமக்கு அது எதற்கு என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியும் இருப்போம். வெப்பம் ஏற ஏற அடர்த்தி எப்படி மாறுகிறது என்று காட்டும் அந்த வளைகோட்டின் மறுமுனையைப் பாருங்கள். 4 டிகிரியிலுள்ள ஒரு கனமீட்டர் தண்ணீர் 5 டிகிரிக்கு ஏறினால், அதே கனமீட்டரின் எடை சுமார் 8 கிராம்தான் குறையும். 29 டிகிரியிலிருந்து 30-க்கு ஏறினால்? ஏறத்தாழ 300 கிராம்! ஏறியது அதே ஒரு டிகிரி. எடை வித்தியாசமோ முப்பது மடங்குக்கும் மேல். குளிர்நாட்டு ஏரியில் சிறு காற்று கலைத்துவிடும் அடுக்கு, நம் சித்திரை வெயிலில் எண்ணெய்போல் மேலே நிற்கிறது. அடித்தண்ணீரை மேலே தூக்க, காற்று அவ்வளவு கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும்.

வண்டல் கலங்கிய தண்ணீர் என்றால் இன்னும் வசதி. வெயில் ஆழம் போகாமல் மேலேயே உறிஞ்சப்படும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றாலும் தோல் அதைப் பெரிதாகச் சொல்லும். தோல் வெப்பநிலையைவிட மாற்றத்தைத்தான் கூர்ந்து கவனிக்கிறது.

நம் ஏரிகள் தட்டையானவை. செம்பரம்பாக்கமே முழுதாக நிரம்பினால் 24 அடிதான். (குடிநீர் ஏரி, அங்கே இறங்கிவிடாதீர்கள்.) ஆகவே பகலில் கட்டிய அடுக்கு பெரும்பாலும் இரவில் கலைந்துவிடும். மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, இழைஇழையாகக் கீழே இறங்கும். சில சமயம் அடுக்கு அப்படிக் கலையாமல் தங்கிவிடும். மப்பும் மந்தாரமுமாகச் சில நாள் இருந்து, திடீரென்று குளிர்காற்றோடு மழை வந்தால், பிராணவாயு குறைந்த அடித்தண்ணீர் மொத்தமாக மேலே கலந்து மீன்கள் மூச்சுத்திணறிச் சாகலாம். மறுநாள் ஊரில் யாரோ விஷம் வைத்ததாகப் பேச்சு கிளம்பும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல, ஒரு கயிற்றில் ஐந்தாறு வெப்பமானிகளைக் கட்டி ஏரியில் விட்டாலே பாதி விடை கிடைக்கும். ஏரிக்கரையில் செல்ஃபி மேடை கட்டக் கிடைக்கும் பணம் இந்தக் கயிற்றுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் பொருமல்.

பாட்டியிடம் சண்டை வேண்டாம். மண் அள்ளிய பள்ளங்களில் ஆட்கள் முழுகிப்போவதைப் பார்த்தவர்கள் சொன்ன எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம். துணையோடு, இடம் தெரிந்தவருடன், விடியற்காலை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நெஞ்சுக்கும் பாதத்துக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே பதமாக இருக்கும். துண்டோடு கரையில் நிற்கிற நண்பருக்குத்தான் குளிரும்.