தொட்டியின் ‘ஆழம்’ எந்தப் பக்கம்?

‘அகலம் 120, ஆழம் 60, உயரம் 50 செ.மீ.’ வீட்டில் பவளம் வளர்ப்பதற்கான கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இப்படிப்பட்ட அளவுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. 50 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் 60 செ.மீ. ஆழம் எங்கிருந்து வரும்? அச்சுப்பிழை என்று நினைத்து, படிப்பவர் இரண்டு எண்களையும் இடம் மாற்றிக்கொள்வார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஆழம், ‘ஆழ்’ என்னும் வினையிலிருந்து வந்த சொல். ஆழ்தல் என்றால் அமிழ்தல், கீழிறங்குதல். மலையாளத்திலும் ஆழம்தான், கன்னடத்தில் ஆள. ஆழ்கடல், ஆழ்துளைக் கிணறு, ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என எதை எடுத்தாலும் பார்வை மேலிருந்து கீழே போகிறது. அகலம் ‘அகல்’ என்பதிலிருந்து வந்தது, விரிதல், பரத்தல்.

ஆங்கிலத்து ‘டெப்த்’ அப்படியல்ல. கிணற்றின் ஆழத்துக்கும் அதுதான், அலமாரி முன்பக்கத்திலிருந்து சுவர்வரை உள்வாங்கும் அளவுக்கும் அதுதான். தொட்டியை எதிரே நின்று பார்த்து, இடவல அளவை ‘விட்த்’ என்றும் முன்பின் அளவை ‘டெப்த்’ என்றும் அங்கே குறிப்பதுண்டு. அகராதியின் முதல் பொருளை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்ததா? தமிழில் நீண்ட பக்கம் நீளம், குறுகிய பக்கம் அகலம். அந்தப் பழக்கமும் இதனால் குலைகிறது, 120 செ.மீ. பக்கத்துக்கு ‘அகலம்’ என்று பெயர் வந்துவிடுகிறது.

குழப்பத்தைக் கண்ட சிலர் ‘கிடையாழம்’ என்கிறார்கள். எனக்கு இது இன்னும் மோசமாகப் படுகிறது. ஆழம் என்றாலே செங்குத்து. அதன் முன்னால் ‘கிடை’யைச் சேர்ப்பது ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு திசைகளை மோதவிடுவது. ‘உள்ளாழம்’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் நீர்மட்டத்திலிருந்து மணல்வரை உள்ள அளவு என்றுதான் கொள்வார். வேறெப்படிக் கொள்ள முடியும்? இருக்கிற எளிய சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் புனைவதைத் தூய்மை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ச் சொல்லாக இருந்தால் போதாது, தமிழர் காதில் சரியாக விழவும் வேண்டும்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. 120×60×50 தொட்டியும் 120×50×60 தொட்டியும் கொள்வது ஒரே 360 லிட்டர்தான். ஆகவே கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் தவறு பிடிபடாது. ஆனால் முதல் தொட்டியின் நீர்ப்பரப்பு 7,200 சதுர செ.மீ., இரண்டாவதில் 6,000. காற்றும் நீரும் வாயுக்களைப் பரிமாறிக்கொள்வது அந்தப் பரப்பில்தான். முன்பின் இடம் 10 செ.மீ. குறைந்தால் பாறையடுக்கு கண்ணாடியை நெருங்கிவிடும், பின்னால் நீரோட்டம் தேங்கும். கேலக்சியா போன்ற பவளங்கள் அண்டைப் பவளத்தைக் கொட்ட நீண்ட இழைகளை நீட்டும். அவற்றுக்கு இடைவெளி விடவும் முடியாமல் போகும். உயரம் 10 செ.மீ. கூடினாலோ, அடியில் கிடக்கும் பவளத்துக்கு வெளிச்சம் குறைகிறது, சுத்தம் செய்யக் கை எட்டுவதில்லை. கண்ணாடி மீதான நீரழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. நீளம் எவ்வளவு இருந்தாலும் அதில் மாற்றமில்லை. விளிம்புவரை நிரப்பினால் அடிமட்ட அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 50 செ.மீ. உயரத்துக்குத் தேர்ந்த கண்ணாடித் தடிமனை அப்படியே 60-க்கும் வைத்துக்கொள்ள முடியாது.

நீளம், அகலம், உயரம் — இம்மூன்றே போதும். கனசதுரத் தொட்டியிலோ, அறையின் நடுவே வைக்கும் தொட்டியிலோ ஐயம் வந்தால் ‘முன்பின் அகலம்’ என்று எழுதலாம். ‘ஆழம்’ என்ற சொல்லை நீருக்கு விட்டுவிடுங்கள். ‘மணலுக்கு மேல் நீரின் ஆழம் 42 செ.மீ.’ என்று எழுதினால் விளக்கு வாங்குபவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.