‘முதல் சுற்று உறுதி’ என்று யாராவது சொன்னால்

ஏப்ரல் மாதம் நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். “அண்ணா, இவன் முதல் ரவுண்டுல போவானா? உங்க கணக்கு என்ன சொல்லுது?” கேட்பவர்களில் சிலர் ஆட்டப் பிரியர்கள். சிலர் கைபேசியில் பந்தய ஆப் வைத்திருப்பவர்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கான காப்பீட்டில் ஆபத்தைக் கணக்கிடுவது என் வேலை. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு மாணவர் எத்தனையாவது ஆளாக என்எஃப்எல் டிராஃப்ட்டில் எடுக்கப்படுவார் என்ற ஊகத்தின் மேல்தான் அந்தக் காப்பீட்டின் விலையே நிற்கிறது. ஆகவே இந்த ஊகங்களை எதுவரை நம்பலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக், அதில் 32 அணிகள். கல்லூரி வீரர்களை அவை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட்: வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசியில், மூன்று நாள், ஏழு சுற்று. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அணிகள் தங்கள் வாய்ப்பை மற்ற அணியோடு மாற்றிக்கொள்ளலாம். 2025-ல் மொத்தம் 257 பேர் எடுக்கப்பட்டார்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆன மாணவர் வரலாம். யார் எங்கே போவார் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் பட்டியலுக்குத்தான் மாக் டிராஃப்ட் என்று பெயர். ஜனவரியிலிருந்தே ஆயிரக்கணக்கில் வரும்.

இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது பலரும் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இவர் நல்ல ஆட்டக்காரரா என்பது ஒன்று. இவரை யார், எப்போது எடுப்பார்கள் என்பது இன்னொன்று. டாம் பிரேடி 2000-ஆம் ஆண்டு டிராஃப்ட்டில் 199-ஆவது ஆள். ஆறாம் சுற்றில் போவார் என்று யாராவது அன்று எழுதியிருந்தால் அந்தக் கணிப்பு மிகச் சரி. அவர் பின்னால் ஏழு சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) வென்றதால் அது தப்பாகிவிடாது. அணிகளுக்கே முதல் கேள்விக்கு விடை சரியாகத் தெரியாது. பொருளாதாரத்தில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் அவரோடு ஆய்வு செய்த கேட் மாசியும் பழைய டிராஃப்ட்களைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆகவே நாங்கள் திறமையைக் கணிப்பதில்லை. 32 அலுவலகங்கள் என்ன முடிவெடுக்கும் என்பதைத்தான் கணிக்கிறோம்.

அந்த வேலைக்கு மாக் டிராஃப்ட் பயன்படுமா? பயன்படும், அதுவும் தனியொருவருடையதைவிடக் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் நன்றாகவே பயன்படும். நூற்றுக்கணக்கான பட்டியல்களைத் திரட்டி ஒவ்வொரு வீரருக்கும் எதிர்பார்ப்பு இடம் சொல்லும் ‘கிரைண்டிங் தி மாக்ஸ்’ போன்ற முயற்சிகள் இருக்கின்றன. நானும் இப்படித் திரட்டியதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் நூறு பட்டியல் என்றால் நூறு தனித்தனி மூளை என்று நினைத்துவிடக் கூடாது. அணிகளுக்குள் ஆள் வைத்திருக்கும் நிருபர்கள் சிலர்தான். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒரு நிருபருக்குத் தப்பான தகவல் கிடைத்தால் அது நாற்பது பட்டியலில் நாற்பது சாட்சியாக நிற்கும். அதிலும் ஏப்ரலில் அணிகள் வேண்டுமென்றே பொய்யைக் கசியவிடும். பிடித்த ஆளைப் பிடிக்காத மாதிரி காட்டுவார்கள், வேண்டாத ஆளைப் புகழ்ந்து பேசிப் பின்னால் நிற்கும் அணியை முன்னால் வரத் தூண்டுவார்கள்.

சரி, இத்தனையையும் கழித்துவிட்டு ஒரு சராசரி கிடைக்கிறது என்று வையுங்கள். அங்கேதான் பெரிய பள்ளம். சராசரி 20 என்று இரண்டு வீரர்களுக்கு வருகிறது. ஒருவர் தாக்குதல் வரிசையில் நிற்கும் கார்டு, இன்னொருவர் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். கார்டு 14-லிருந்து 30-க்குள் எங்காவது போய்விடுவார், ஏனென்றால் எந்த அணியிலும் அவருக்கு ஒரு இடம் கண்டுபிடிக்கலாம். குவார்ட்டர்பேக் கதை வேறு. பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் மாதிரி, அணிக்கு ஒருவர்தான். அந்த ஆண்டு அந்த இடம் காலியாக இருக்கும் அணிகள் நாலைந்துதான் இருக்கும். அதில் ஒன்று அவரைத் தன் ஆளாக முடிவு செய்துவிட்டால் முதல் பத்துக்குள் போய்விடுவார். ஒன்றும் முடிவு செய்யவில்லை என்றால் அவர் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேர்ந்துவிடுவார். மாற்று ஆட்டக்காரருக்கு அணிகள் கொடுக்கும் விலை மூன்றாம் சுற்றிலிருந்து ஐந்தாம் சுற்றுவரை. எந்த இடத்தில் போக எவ்வளவு வாய்ப்பு என்று வரைந்தால், அவருடைய வரைபடத்தில் இரண்டு மேடு இருக்கும், நடுவில் பள்ளம். 20 என்ற சராசரி விழுவது அந்தப் பள்ளத்தில். அவர் போகவே வாய்ப்பில்லாத இடத்தை அவருடைய எதிர்பார்ப்பு இடம் என்று அச்சடிக்கிறோம்.

2025-ல் ஷெடூர் சாண்டர்ஸுக்கு நடந்தது இதுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், புகழ்பெற்ற டியான் சாண்டர்ஸின் மகன். பெரும்பாலான பட்டியல்களில் முதல் சுற்று. அன்று குவார்ட்டர்பேக் தேவைப்பட்ட அணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டென்னசி டைட்டன்ஸ் முதல் வாய்ப்பிலேயே கேம் வார்டை எடுத்தது. கிளீவ்லாந்து இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தில் மேசன் கிரஹாம் என்ற தடுப்பு ஆட்டக்காரரை எடுத்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் மூன்றில் அப்துல் கார்ட்டரை எடுத்துவிட்டு, பிறகு மேலே ஏறி வந்து 25-ல் ஜாக்சன் டார்ட் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் ஒன்பதிலும் எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் 21-லும் எடுக்கவில்லை. லாஸ் வேகஸ் மார்ச் மாதமே ஜீனோ ஸ்மித் என்ற அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்துவிட்டது. வியாழன் இரவு முடிந்தபோதே முதல் மேடு முடிந்துவிட்டது. மறுநாள் நியூ ஆர்லியன்ஸ் 40-ல் டைலர் ஷக் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்ததும் மிச்சம் இருந்தது மாற்று ஆள் சந்தை மட்டும்தான். அதிலும் வேறு இரண்டு குவார்ட்டர்பேக்குகள் முந்திக்கொண்டார்கள்: ஜேலன் மில்ரோ 92, டில்லன் கேப்ரியல் 94. கேப்ரியலை எடுத்த அதே கிளீவ்லாந்துதான் சனிக்கிழமை 144-ல், ஐந்தாம் சுற்றில், சாண்டர்ஸை எடுத்தது. சரிவுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: நேர்காணலில் மிடுக்காகப் பேசினார், அப்பாவின் நிழல், வீசும் கை சுமார். இருக்கலாம். எனக்கு அதைவிட, அந்த இரண்டாவது மேடு வரைபடத்தில் முன்பே இருந்தது என்பதுதான் முக்கியம். மூன்று ஆண்டுக்கு முன் மாலிக் வில்லிஸ் என்ற குவார்ட்டர்பேக்கும் முதல் சுற்று என்று பேசப்பட்டு 86-இல்தான் போனார்.

இதில் பணம் எவ்வளவு? 2011-க்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் ஏறக்குறைய எடுக்கப்படும் இடத்தை வைத்தே முடிவாகிவிடுகிறது, பேரம் பேச இடம் குறைவு. 25-ஆவது ஆள் டார்ட்டின் நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 170 லட்சம் டாலர், முழுவதும் உத்தரவாதம். 144-ஆவது ஆள் சாண்டர்ஸுடையது சுமார் 46 லட்சம், அதிலும் உத்தரவாதமான பகுதி சிறியது. அதனால்தான் “எந்தச் சுற்று” என்ற ஊகத்தை வைத்து ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கல்லூரிப் படிப்பை முடிக்காமல் வருபவர்கள் பாடு இன்னும் சிக்கல். அவர்களுக்கென்று என்எஃப்எல்லின் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் வழியாகக் கேட்டால் மூன்றில் ஒரு பதில் வரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டும் இல்லையென்றால் கல்லூரியிலேயே இரு. மூன்றாவது பதில் வந்தவர்களும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வருவது உண்டு. மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில் வழி திறந்த பிறகு, திரும்பிப் போவது தியாகம் இல்லை. சில சமயம் அதுதான் லாபம். டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸுக்கு இன்னொரு ஆண்டு கல்லூரியில் ஆட மில்லியன் கணக்கில் தர ஆள் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் டிராஃப்ட்டுக்கு வந்தார். 2025-ல் 231-ஆவது ஆள், ஏழாம் சுற்று.

பந்தயத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வம், அதில் டிராஃப்ட்டும் பல இடங்களில் சேர்த்தி. நம் வீட்டுப் பையன்கள், குறிப்பாகக் கணினி படித்தவர்கள், “ஆட்டத்தைவிட இது ஈஸி, டேட்டா இருக்கு” என்கிறார்கள். ஆட்டத்தின் முடிவு விளையாடினால்தான் தெரியும், யாருக்கும் முன்பே தெரியாது. டிராஃப்ட்டின் முடிவு ஓர் அறைக்குள் முந்தின நாளே சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களோடு தெரியாதவர் ஆடும் ஆட்டம் இது. பந்தய நிறுவனங்கள் டிராஃப்ட் பந்தயத் தொகைக்குக் குறைந்த உச்சவரம்பு வைப்பது இதனால்தான். அவர்களுக்கே பயம்.

தெரிந்தவர் மாதிரி ஒருவர் நடித்தாலும் போதும். 2023-ல் டிராஃப்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வில் லெவிஸ் என்ற குவார்ட்டர்பேக் தன் வீட்டாரிடம் கரோலினா தன்னை முதல் ஆளாக எடுக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பெயர் தெரியாத ஒருவர் ரெடிட்டில் எழுதினார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. சில மணி நேரத்தில் அவர்மீதான பந்தய விலை தலைகீழாக மாறியது, ஒன்றுக்கு நாற்பது என்று இருந்தது ஒன்றுக்கு ஐந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விலை மாறுவதைப் பார்த்து இன்னும் பலர் பணம் போட்டார்கள், “ஏதோ தெரியாமலா விலை ஏறும்” என்று. கரோலினா எடுத்தது பிரைஸ் யங்கை. லெவிஸ் டிராஃப்ட் நடந்த கேன்சஸ் சிட்டியில் கேமரா முன்னால் முதல் நாள் முழுக்கக் காத்திருந்து, மறுநாள் 33-ஆவது ஆளாகப் போனார். அதற்கு முந்தின ஆண்டு, ஏய்டன் ஹட்சின்சனிடமிருந்து டிரேவன் வாக்கர் பக்கம் விலை நகர்ந்தபோது அது உண்மையான தகவல், வாக்கர்தான் முதல் ஆள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. இதைப் பிரித்துச் சொல்லும் மாடல் என்னிடம் இல்லை, விற்கிறவர்களிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக என் சொந்தத் துறை. எடுக்கப்படும் இடத்தை ஒரே நாளில் மாற்றிவிடுவது காயம். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித் முதல் ஐந்துக்குள் என்று பேசப்பட்டவர். 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. டல்லஸ் அவரை 34-ல் எடுத்தது. அவரிடம் மதிப்பிழப்புக் காப்பீடு இருந்தது, அதாவது காயத்தால் டிராஃப்ட்டில் இறங்கி ஒப்பந்தத் தொகை குறைந்தால் ஈடு தரும் காப்பீடு. கிடைத்தது சுமார் 9 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. ஆரிகன் கல்லூரியின் இஃபோ எக்ப்ரே-ஒலோமு 2014 டிசம்பரில் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து, 2015-ல் 241-ஆவது ஆளாகப் போனார். அவருக்கு 30 லட்சம் கிடைத்தது.

இந்த இரண்டு பெயரையும் சொல்லித்தான் காப்பீட்டை விற்பார்கள். விற்கும்போது சொல்லாதது, பணம் கிடைக்காமல் போகும் வழிகள். சரிவு நடந்தால் மட்டும் போதாது, அது காயத்தால் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். சாண்டர்ஸ் மாதிரி யாரும் எடுக்காமல் இறங்கினால் ஒரு காசு வராது. பழைய காயத்தைப் படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் நிறுவனம் அதைத்தான் முதலில் பிடிக்கும். நீதிமன்றம்வரை போன வழக்குகள் உண்டு. அப்புறம் வரம்பு எண். முதல் பத்து என்று ஊகித்த வீரருக்குக்கூட, அவருடைய ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால்தான் பணம் என்று எழுதியிருப்பார்கள். பத்திலிருந்து 28-க்கு இறங்கினால் கோடிக்கணக்கில் இழப்பு, ஆனாலும் வரம்புக்கு மேலேயே நிற்கலாம்.

பிரீமியத்துக்காகவோ, பயிற்சிக்காகவோ, காருக்காகவோ, டிராஃப்ட் பணத்தை நம்பிக் கடன் தருபவர்களும் ஜனவரியிலேயே வந்துவிடுவார்கள். கையெழுத்துக்கு முன் என்னிடம் காகிதத்தைக் கொண்டுவரும் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: “இந்த எதிர்பார்ப்பு இடத்தை யார் எழுதினது? எந்தத் தேதியில எழுதினது? மோசமா போனா எங்கே போவான்னு ஒரு எண் இதுல இருக்கா?” பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு எண், அதையும் விற்கிறவரே எழுதியிருப்பார். அந்த மூன்றாவது கேள்விக்கான எண்ணை எழுத்தில் வாங்கி, அந்த இடத்துக்கான சம்பளத்தில் இந்தக் கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாதென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.