சாரைக்கும் நல்ல பாம்புக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் வலையில் சிக்கி என்னிடம் சிகிச்சைக்கு வந்த மூன்றாவது சாரைப்பாம்பு அது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய புதுக் குடியிருப்பொன்றில், கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலைக்குள் தலையை நுழைத்திருக்கிறது. நூல் செதிலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்ததால், முனை மழுங்கிய கத்தரியால் ஒவ்வோர் இழையாக நறுக்கி எடுத்தேன். ஆனால் அதைச் சாகடித்தது வலை அன்று. முதுகெலும்பில் விழுந்த கம்படி. அடித்தவர் சொன்ன காரணம்: "சாரை வந்தால் பின்னாலேயே அதன் ஜோடி நல்ல பாம்பும் வருமே, டாக்டர்!"

எத்தனை முறைதான் சொல்வது? சாரை ஆணும் அன்று, நல்ல பாம்பு பெண்ணும் அன்று. இரண்டும் வெவ்வேறு இனங்கள். சாரையிலும் ஆண், பெண் உண்டு, நல்ல பாம்பிலும் உண்டு. ஒன்றோடொன்று இணை சேர்வதில்லை. மாறாக, நல்ல பாம்பு சாரையைப் பிடித்து விழுங்குவதும் உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்து, கும்பிட்டு, மேலே வேட்டியை வீசி எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறீர்களே, அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடப்பது கல்யாணம் அன்று, மல்யுத்தம். சாரைக்கு நஞ்சே கிடையாது.

ஏரியை மேடாக்கி வீடு கட்டிவிட்டு, காலி மனையில் குப்பையைக் கொட்டி எலிகளுக்கு விருந்து வைத்த பிறகு, பாம்பு ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? முதல் மழையில் குட்டை தேடிப் புறப்படும் தவளைகள் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கின்றன, அல்லது தார்ச்சாலையில் நசுங்குகின்றன. அவற்றுக்காக யாரும் என்னை அழைப்பதுகூட இல்லை.

உபயோகமில்லாத வலையை இன்றே சுருட்டி உள்ளே வையுங்கள். குப்பையையும் செங்கல் குவியலையும் அகற்றுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். பாம்பைக் கண்டால் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்; கம்பை எடுக்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றம். "எங்காவது தூரத்துக் காட்டில் விட்டுவிடுங்கள்" என்று எங்களை நெருக்கவும் வேண்டாம். பழகாத இடத்தில் அது இரை தேடிப் பிழைப்பது கடினம். வலையில் சிக்கிய பாம்பைத் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். மேலே ஈரச் சாக்கைப் போட்டு வெயில் படாமல் மூடி வைத்தாலே போதும், மீட்பவர் வரும்வரை அது தாங்கும்.