மாண்டலின் கழுத்துக்கு எந்தப் பொருத்து?

மாண்டலினின் எட்டுக் கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றியதும் ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசை கழுத்தை இழுக்கிறது. கம்பிகள் கழுத்துக்கு மேலே ஓடுவதால் மேல்பக்கம் உடலோடு நெருங்கும். அடியில் உள்ள குதிப்பகுதி, அதாவது கழுத்து உடலோடு சேரும் இடத்தின் கீழ் முனை, உடலை விட்டு வாய் திறக்கப் பார்க்கும். பொருத்து தளர்ந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.

சும்மா பசை பூசி ஒட்டினால் போதாதா? போதாது. கழுத்தின் முனை குறுக்கே அறுத்த மரம். வைக்கோல் கட்டின் வெட்டிய முனை மாதிரி நார்களின் வாய்கள் திறந்திருக்கும். பசையை உள்ளே உறிஞ்சிவிடும். நார் ஓடும் பக்கங்களில்தான் பசை உறுதியாகப் பிடிக்கும். அந்தப் பக்கங்களை உடலுக்குள் கொண்டுபோகத்தான் இத்தனை தச்சு வேலையும்.

வடிவமைப்பாளர் லாயிட் லோர் காலத்து கிப்சன் நிறுவன எஃப்-5 மாண்டலின்களில் (1922-24) இருப்பது புறாவால் மூட்டு. விரிந்த புறா வால் போலச் செதுக்கிய கழுத்து முனை, அதே வடிவக் குழிக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் சரிவாக இருப்பதால் மேலிருந்து இறக்க இறக்கத் தானாக இறுகும். அழகான வேலைதான், ஆனால் பொல்லாதது. குழியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கழுத்தை இறக்கி எடுத்து, வெள்ளை பட்ட இடத்தை உளியால் மெல்லச் சுரண்ட வேண்டும். மூட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டினால் கோணமும் ஆழமும் சேர்ந்தே மாறும். 352 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் 15ஆம் மெட்டில் (விரல் வைக்கும் உலோகக் கட்டை) கழுத்து உடலோடு சேர்ந்தால், அங்கிருந்து கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு 148 மில்லிமீட்டர். கோணம் அரைப் பாகை பிசகினாலே குதிரையில் 1.3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். வாசிப்பவர் விரல் அதை உடனே கண்டுபிடிக்கும்.

மட்டக்களப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. மார்கழி மழையில் மரம் குறுக்குவாட்டில் ஊதும், வறண்ட கச்சான் காற்றில் சுருங்கும். நீளவாட்டில் பெரிதாக அசையாது. உடலின் மேல்பலகையின் வளைவு ஏறி இறங்க, கம்பியின் உயரமும் மாறும். பழைய வச்சிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் இளகும். வெள்ளைப் பசையோ, வெயிலில் பூட்டி வைத்த வேனுக்குள் கம்பி இழுக்க இழுக்க மெல்ல வழுக்கும். ஆக, என்றாவது ஒருநாள் கழுத்தைக் கழற்றத்தான் வேண்டும். ஒட்டிய புறாவாலைப் பிரிக்க நீராவி பாய்ச்ச வேண்டும், உடலும் நனையும்.

அதனால் இங்கே கையால் செய்பவருக்கு என் தெரிவு, இரண்டு போல்ட் போட்ட பொளிகழுந்து மூட்டு. கழுத்து முனையில் நீட்டிய நாக்குதான் கழுந்து, அது இறங்கும் உடலின் குழிதான் பொளி. குதி உடலைத் தொடும் ஓரத்தை மட்டும் சீவினால் கோணம் சரியாகும். கழுந்தைத் தொட வேண்டாம். ஆனால் போல்ட்டின் மரையைக் கழுந்தின் முனைக்குள் நேராக இறக்காதீர்கள், குறுக்கு வெட்டு மரத்தில் அது பிடுங்கிக்கொண்டு வரும். கழுந்துக்குக் குறுக்கே துளையிட்டு, உருளை நட் ஒன்றை வைத்து அதில் முறுக்குங்கள். கீழ்ப் போல்ட் குதிக்குக் கிட்ட இருக்கட்டும், வாய் திறப்பது அங்கேதானே. எஃப் வடிவத் துளைக்குள் கை போகாது. வால்பக்கத் துளை வழியாக போல்ட்டை முறுக்கும் நீண்ட அலன் சாவியை (அறுகோணக் கம்பிச் சாவி) விடலாம்.

ஒலி குறையும் என்பார்கள். முகங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டி நின்றால் நான் அதை நம்பமாட்டேன். தொளதொளத்த புறாவாலை விட இது எவ்வளவோ மேல். கடல் காற்று உள்ள ஊர், துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டையே வாங்குங்கள். கம்பி ஏற்றிய மறுநாள் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.